கறிவேப்பிலை கேட்கப் போன வெள்ளிக்கிழமைகள்

காக்ஸ் டவுன், பெங்களூரு
24.6.2025, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கௌதமிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே டப்ளினில் உன் உடம்பும் வேலையும் தூக்கமும் ஒழுங்காக இருக்கும் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி மழை வந்தால் வருகிறது, மழை நின்றால் போகிறது. குளியலறைப் பைப் மாற்றியாயிற்று. எதிர் வீட்டு வீணாவுக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். தினமும் வாட்ஸப்பில் பேசுகிற மனுஷன் எதற்காகத் தாளும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன், வாய் வரவில்லை. இந்த மாதம் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை நீ மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டாய், பேசிக்கொண்டிருந்தபோதே படம் இருட்டாகி, அப்பா ஏன் போனை சட்டப் பையில போட்டுட்டீங்க, அம்மாவுக்கு ஏதாவதா என்று பதறினாய், நான் நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நெட் சரியாகத்தான் இருந்தது. அன்று என்ன நடந்தது என்பதைத்தான் இதில் எழுதப் போகிறேன். எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன், இதில் முக்கால்வாசி அவளுடைய சங்கதி, அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி நான் பேசினதெல்லாம் போதும்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். நம் புத்த விகாரையில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து அரைமணி நேரம் பேசுவார். இந்த மாதம் என் முறை. செயலாளர் அப்பாதுரை அலமாரியைத் துழாவி ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, ஊரு இருக்கிற இருப்புக்கு இதப்பத்தித்தான் பேசணும், நீ பேசினாத்தான் எடுபடும் என்றார். மதப் பொறுமையைப் பற்றி முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சீமையில் ஒரு தத்துவக்காரர் எழுதியது, யாரோ தமிழில் மாற்றியிருக்கிறார்கள், அட்டை போய் பைண்டிங் நூல் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் ஃபாக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் லேத் ஓட்டினவன், தத்துவம் எனக்கு மெதுவாகத்தான் ஏறும், ஆனால் இது தடையில்லாமல் ஏறியது. அவருடைய வாதத்தை நான் புரிந்துகொண்டது இதுதான். அரசாங்கத்தின் கையில் இருப்பது தடி, சிறை, அபராதம். அது உடம்பைத் தொடும், சொத்தைத் தொடும், நம்பிக்கை குடியிருக்கிற இடத்துக்கு அதனால் போக முடியாது. ஒருவன் தானே ஆசைப்பட்டாலும்கூட இன்னொருவர் உத்தரவு போட்டார் என்பதற்காக ஒன்றை நம்பிவிட முடியாது. ஆகவே மிரட்டி வணங்க வைத்தால் கிடைப்பது பக்தி அல்ல, நடிப்பு. இரும்பைக் கடைந்து அளவுக்குக் கொண்டு வரலாம், மனசைக் கடைய முடியாது என்று நானும் ஓரத்தில் என் பங்குக்கு ஒன்று எழுதி வைத்துக்கொண்டேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் யாரோ ஒருவருடைய முகம் எனக்குத் தெரிந்தது, ஊர்வலத்தில் தடி தூக்கிக்கொண்டு வருகிறவன், எவன் வீட்டில் எந்த ஜெபம் நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவன், பேரைக் கேட்டு வாடகைக்கு வீடில்லை என்கிறவன். என் முகம் ஒரு பக்கத்திலும் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேச எழுதினதை முழுக்கச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள். முடித்து, எப்படி இருக்குது என்றேன். நல்லாத்தான் இருக்குது என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, ராஜாவப்பத்தி இருக்குது, போலீசப்பத்தி இருக்குது, ஊட்டுக்காரனப்பத்தி அந்த ஆளு எதனா எழுதியிருக்காரா என்று கேட்டாள். நான் சிரித்தேன் கௌதமி. இது ராஜாங்க விஷயம், இதில் புருஷன் எங்கே வருகிறான் என்றேன். அப்ப சரி என்று சொல்லிவிட்டுக் கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரித்தது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து நீ கூப்பிட்டாய். இங்கே மாலை ஆறு மணி. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அம்மா பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவிடம் கறிவேப்பிலை கேட்கப் போவாள், அது நம் வீட்டில் கடிகாரம் மாதிரி. மார்க்கெட்டில் இரண்டு கட்டு கீரை வாங்கினால் சும்மா போடுகிற கறிவேப்பிலைக்கு ஒருத்தி வாரம் தவறாமல் ஏன் போகிறாள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. உன் அம்மாவிடம் போனைக் கொடுக்கலாம் என்று, நீ பேசிக்கொண்டே இருக்க, நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. முன்னறையில் மாதா படத்துக்கு நீல பல்பு எரிந்தது, அக்காவின் கணவர் மதலைமுத்து தபால்காரர் உடுப்பில் நிற்கிற போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. டிவி சத்தமில்லாமல் ஓடியது, அக்கா அதன் எதிரில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அதைத் தாண்டி சமையலறை தெரிந்தது. அங்கே மிக்சிக்குப் பக்கத்துச் சுவர்த் தட்டில் ஒரு கங்கையம்மன் படம், அதன் முன்னால் ஒரு சின்ன விளக்கு, விளக்குக்கு முன்னால் உன் அம்மா. கண்ணை மூடி, முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றாள், உதடு அசைந்தது. முப்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவளுடைய முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததே இல்லை. அந்தப் படத்துக்குக் கண்ணாடி கிடையாது, இடது மூலை கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. எனக்கு அந்தப் படத்தைத் தெரியும். அந்த மூலை என் கையால் கிழிந்தது. நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். பிலோமினா அக்கா என்னைப் பார்த்தார், கூப்பிடவில்லை.

உனக்கு அப்போது நாலு வயது. அம்மை போட்டு, உடம்பெல்லாம் கொப்புளமாகப் படுத்திருந்தாய். அம்மா தன் ஊர் குடியாத்தத்திலிருந்து அண்ணன் கையால் இந்தப் படத்தை வரவழைத்து, உன் தலைமாட்டில் மாட்டி, வேப்பிலை செருகியிருந்தாள். நான் முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தேன். நம் குடும்பக் கதை உனக்குத் தெரியும், கோலார் சுரங்கத்தில் வேலை செய்த என் தாத்தா, என்னை உள்ளே விடாத கோயிலின் சாமி எனக்கு எதற்கு என்று பௌத்தம் ஏற்றவர், அந்த வீம்பில்தான் நான் வளர்ந்தேன். அந்த வீம்பு தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அன்று நான் செய்தது வீம்பு இல்லை. படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சந்தில் வீசினேன், கண்ணாடி உடைந்தது. உடைந்தது என்று எழுதினதை அடித்திருக்கிறேன் பார், கண்ணாடி தானாக உடையவில்லை, நான் உடைத்தேன். அம்மா கத்தவில்லை. இவ ஒன்னும் நம்மள வெளிய நிறுத்தின சாமி இல்ல, எங்க தெருவுலயே பொறந்து எங்ககூடவே கூழு குடிக்கிறவ, எந்தக் கோயிலும் உள்ள உடாதப்ப இவதான் எங்க பக்கத்துல நின்னா என்று மட்டும் சொன்னாள். அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. ஒன்று அது இந்த வீட்டில் இருக்கும், இல்லையென்றால் நான் இருப்பேன், நான் போய்விட்டால் உனக்கும் பிள்ளைக்கும் சோறு யார் போடுவார்கள் என்று யோசித்துக்கொள் என்றேன். காய்ச்சலில் கிடந்த உன்னைக் காட்டித்தான் சொன்னேன்.

அதோடும் விடவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு அவளை விகாரை மேடையில் ஏற்றி, நான் எழுதிக் கொடுத்த எட்டு வரியைப் படிக்க வைத்தேன். என் கணவர் என்னை மூடநம்பிக்கையிலிருந்து மீட்டார் என்பது அதில் ஒரு வரி. எல்லோரும் கைதட்டினார்கள், நான்தான் முதலில் தட்டினேன். அதற்குப் பிறகு எத்தனை கூட்டத்தில், வற்புறுத்தாமல் அறிவால் ஒரு மனுஷியை மாற்ற முடியும், என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது என்று பேசியிருக்கிறேன். அந்தச் சீமைக்காரர் யாரைப் பற்றி எழுதினாரோ அந்த ராஜா நான்தான். என்னிடம் படை இல்லை, சம்பளக் கவர் இருந்தது, அதைத் தடியாக வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை அம்மா கறிவேப்பிலையோடு வந்தாள், தோசை ஊற்றினாள், நான் பார்த்தது அவளுக்குத் தெரியும் என்று அவள் கரண்டி வைத்த விதத்திலேயே தெரிந்தது. இரண்டு பேரும் பேசவில்லை. சனிக்கிழமையும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மேடை ஏறினேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். எழுதி வைத்திருந்த பேச்சை இரண்டு பக்கம் படித்தேன், அதற்கு மேல் என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. காகிதத்தை வைத்துவிட்டு, நடந்த உண்மையை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மேடையில் என்று ஆரம்பித்தும் விட்டேன். மூன்றாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கிற பேரில் அவளை இன்னொரு முறை அதே மேடையில் ஏற்றப் பார்த்தேன். அவள் யாருக்கும் காட்டாமல் காப்பாற்றி வைத்ததை, என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக நாற்பது பேருக்குப் பங்கு வைக்கப் பார்த்தேன். நான் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசத் தகுதியானவன் இல்லை, மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அப்பாதுரைக்கு வருத்தம், உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டே வாசல் வரை வந்தார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நின்றுகொண்டே கேட்டேன், உட்கார முடியவில்லை. மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்த, எனக்கு இப்ப சொல்லத் தெரியல என்றாள். பிறகு, எங்கிட்ட கேக்கிறது இருக்கட்டும், மொதல்ல நம்ம பொண்ணுகிட்ட கேளுங்க என்றாள். எதற்கு என்றேன். அப்போதுதான் சொன்னாள். அந்தக் காலத்தில் நான் ஷிஃப்ட் முடித்து வந்ததும் உன்னை மடியில் உட்கார வைத்து, இன்றைக்கு அம்மா எங்கேயாவது சாமி கும்பிட்டாளா என்று கேட்பேன், நினைவிருக்கிறதா. நீ இல்லப்பா என்பாய். நான் உனக்கு மிட்டாய் கொடுப்பேன். வெள்ளிதோறும் நீயும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பிலோமினா அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாய், உனக்கும் குங்குமம் வைத்து, வாசல் வருவதற்குள் முந்தானையால் அழித்திருக்கிறாள். பொய் சொல்லச் சொல்லி அம்மா உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லையாம், நீயே சொன்னாயாம், அவள் அதைக் கேட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாளாம். ஐந்து வயதுப் பிள்ளையை அம்மாவுக்கு வேவு பார்க்க வைத்தேன், அந்தப் பிள்ளை என்னைவிட மேலாக நடந்துகொண்டது. உண்மையே பேச வேண்டும் என்று உனக்கு எத்தனை பாடம் எடுத்திருப்பேன். அத்தனையையும் கேட்டுக்கொண்டு தலையாட்டினாயே மகளே. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன், ஆனால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை, உன் அம்மாவைப் போலவே நீயும் நேரம் எடுத்துக்கொள்.

மறுநாள் பிலோமினா அக்காவைப் பார்க்கப் போனேன். வாசலில் போய் நின்றேன். உள்ள வா தம்பி, காப்பி குடிக்கிறியா என்றார். இத்தனை வருஷமாக உங்கள் வீட்டில் வைத்திருந்தீர்களே, உங்கள் சர்ச்சில் தெரிந்தால் ஏதும் சொல்லியிருக்க மாட்டார்களா, மதலைமுத்து அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவரு மொதல்ல மொணகினாரு, அப்பறம் அவரே ஆணி அடிச்சு தட்டு போட்டாரு என்றார். அழுதுனு வந்து நின்னா, வச்சுக்கினேன், ஒரு படம் எவ்ளோ எடம் புடிக்கும் சொல்லு என்றார். நான் அந்தப் புத்தகத்தை முடிக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

இதற்குப் பிறகும் நான் ஒரு தப்பு செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். புதன்கிழமை சிவாஜி நகர் போய் நல்ல தேக்குப் பலகை ஒன்று வாங்கி வந்து, நம் முன்னறையில் கிழக்குச் சுவரில் நானே அளந்து, துளை போட்டு, மாட்டினேன். அம்மாவைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, முழுச் சம்மதம், படத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து இங்கேயே வைத்துக்கொள் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் நின்றேன். அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீங்க வேணான்னு சொன்னப்ப தூக்கினு போனேன், இப்ப நீங்க வேணும்னு சொன்னா தூக்கினு வரணுமா என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அங்க நான் போய் நின்னா யாரும் எனக்கு சம்மதம் குடுக்கல, யாரும் வேணான்னும் சொல்லல, அது அங்கியே இருக்கட்டும் என்றாள். கொடுக்க என்னிடம் இல்லாத ஒன்றை நான் கொடுக்கப் போயிருக்கிறேன். அந்தப் பலகையில் இப்போது அவளுடைய மூக்குக் கண்ணாடியும் அப்பள டப்பாவும் இருக்கின்றன. இரண்டு வெள்ளி போய்விட்டது. ஆறு மணிக்கு அவள் கிளம்புகிறாள், நான் எங்கே என்று கேட்பதில்லை, அவளும் கறிவேப்பிலை என்று சொல்வதில்லை. வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வருகிறாள். அந்த ஒரு பொய் சொல்லும் பாடாவது அவளுக்கு மிச்சமாயிற்று.

இதுவரை எழுதினதைப் படித்துக் காட்டிவிட்டேன். அம்மா ஒரு இடத்தில் மட்டும் திருத்தினாள், தான் அடுப்படியில் அழுததை எடுத்துவிடச் சொன்னாள், பிறகு, சரி இருக்கட்டும், அவளுக்குத் தெரியட்டும் என்று விட்டுவிட்டாள். உனக்கு மஞ்சள்தூளும் கருவாட்டுப் பொடியும் பார்சல் கட்டியிருக்கிறாள், சந்தாபுராவில் இருக்கும் தன் சித்தி மகன் பாலகுமார் அடுத்த மாதம் லண்டன் வருகிறானாம், அங்கிருந்து அனுப்புவான். மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்காதே, நல்ல கோட்டாக ஒன்று வாங்கிக்கொள். தொடர்ந்து நைட் டியூட்டி கேட்டு வாங்காதே. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நான் போனில், விளக்கு வைத்தாயா, பஞ்சசீலம் சொன்னாயா என்று கேட்பேன், ஒரு மாதம் தவறாமல் ஆமாப்பா என்பாய். அது ஆமாவா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. இனி கேட்க மாட்டேன். நீ எதை நம்பினாலும், எதையும் நம்பாவிட்டாலும், என் மகள்தான். நீ நோயில்லாமல், பயமில்லாமல், நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன், அம்மாவும் வாழ்த்துகிறாள். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மா நம்பருக்கே கூப்பிடு. ஸ்பீக்கரில் போடச் சொல்ல மாட்டேன். நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பேன், நீங்கள் இருவரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள்.

இப்படிக்கு,
உன்னிடம் தலை குனிந்து நிற்கும் அப்பா,
இளங்கோவன்